ஒரு வருஷப் படிப்பு, மூணு வருஷக் கடன்: மருத்துவ உதவியாளர் கோர்ஸில் சேரும் முன் பெரம்பலூர், அரியலூர் மாணவர்கள் போட வேண்டிய கணக்கு

பிளஸ் 2 ரிசல்ட் வந்துவிட்டால் போதும். பேருந்து நிலையச் சுவர், ஆட்டோவின் முதுகு, வாட்ஸ்அப் குரூப் என எங்கு திரும்பினாலும் ஒரே விளம்பரம்தான். "ஒரே வருஷத்தில் மருத்துவத்துறை வேலை, 100 சதவீதம் பிளேஸ்மென்ட், தவணையில் ஃபீஸ் கட்டலாம்." நீட் எழுதாதவர்கள், நர்சிங்குக்கு மார்க் போதாதவர்கள், நாலு வருஷம் படிக்க வைக்க வீட்டில் வசதி இல்லாதவர்கள் என எல்லோருக்குமே அந்தப் போஸ்டரில் ஒரு வாசல் தெரிகிறது.

பெரம்பலூர், அரியலூர் பக்கம் இந்த முடிவு இன்னும் சிக்கலானது. மானாவாரி மக்காச்சோளமும் பருத்தியும் நம்பி இருக்கும் வீடுகள் இங்கு அதிகம். மக்காச்சோளம் விற்ற காசு கைக்கு வருவது தை, மாசியில். கோர்ஸ் ஃபீஸ் கட்டச் சொல்வது ஆனி, ஆடியில். நடுவில் இருக்கும் இடைவெளியை நிரப்புவது பெரும்பாலும் அடகுக் கடையோ குழுக் கடனோ வட்டிக்காரரோதான்.

அதனால் "ஃபீஸ் எவ்ளோ?" என்று மட்டும் கேட்டால் பாதிக் கணக்குதான் போட்டதாக ஆகும். படித்து முடித்த பிறகு கையில் வரும் சம்பளம் எவ்வளவு, அதில் கடனுக்குப் போவது எவ்வளவு என்பது மீதிக் கணக்கு. அதை எப்படிப் போடுவது? விரிவாகப் பார்க்கலாம்.

'மருத்துவ உதவியாளர்' என்றால் யார்?

முதல் குழப்பமே பெயரில்தான். அமெரிக்காவில் 'மெடிக்கல் அசிஸ்டென்ட்' என்பது தனி வேலை. கிளினிக்கில் ரத்த அழுத்தம் பார்ப்பது, ரத்த மாதிரி எடுப்பது, நோயாளியின் விவரங்களைப் பதிவது என எல்லாவற்றையும் ஒருவரே செய்வார். அந்த நாட்டு அரசு இதைத் தனித் தொழிலாகக் கணக்கெடுத்துச் சம்பளத்தையும் வெளியிடுகிறது. 2024 மே மாதக் கணக்குப்படி இவர்களின் நடுமட்ட ஆண்டு வருமானம் 44,200 டாலர்.

தமிழ்நாட்டில் இதே வேலைகள் ஸ்டாஃப் நர்ஸ், லேப் டெக்னீஷியன், தியேட்டர் அசிஸ்டென்ட், மருத்துவமனைப் பணியாளர், வரவேற்பு ஊழியர் எனப் பிரிந்து கிடக்கின்றன. 'மருத்துவ உதவியாளர்' என்ற பெயர் இங்கே பரவலாகப் புழங்கும் இடம் என்றால் 108 ஆம்புலன்ஸ்தான். 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய அந்தச் சேவையில் ஓட்டுநருடன் செல்பவர் மருத்துவ உதவியாளர். அந்த வேலைக்கான அறிவிப்புகளில் கேட்கப்படுவது நர்சிங், டி.எம்.எல்.டி. போன்ற படிப்புகள் அல்லது அறிவியல் பட்டம். தேர்வானவர்களுக்கு வேலைக்கான பயிற்சி தனியாகத் தரப்படும்.

ஆக, 'மெடிக்கல் அசிஸ்டென்ட்' என்று சான்றிதழ் வாங்கிவிட்டதாலேயே அந்தப் பெயரில் ஒரு வேலை காத்திருக்கிறது என்று அர்த்தமில்லை. இதைத் தெரிந்துகொண்டுதான் அடுத்த கேள்விக்குப் போக வேண்டும்.

சான்றிதழில் கையெழுத்து யாருடையது?

இந்தத் துறையில் சம்பளத்தைத் தீர்மானிப்பது கோர்ஸின் பெயர் இல்லை. அதற்குப் பின்னால் இருக்கும் அங்கீகாரம்தான்.

உதாரணத்துக்கு நர்சிங். தமிழ்நாட்டில் செவிலியராகப் பணியாற்ற, தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு வேண்டும். 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் அமைப்பு இது. இரண்டு ஆண்டு ஏ.என்.எம்., மூன்று ஆண்டு டிப்ளமோ நர்சிங், நான்கு ஆண்டு பி.எஸ்சி. நர்சிங் ஆகியவற்றை அங்கீகாரம் உள்ள இடத்தில் முடித்தால் பதிவு செய்யலாம். 'நர்சிங் அசிஸ்டென்ட்' என்ற ஆறு மாத, ஒரு வருஷ தனியார் சான்றிதழை வைத்துச் செவிலியராகப் பதிவு செய்ய முடியாது. வெள்ளைச் சீருடை ஒன்றாகத் தெரியலாம். சம்பளப் பட்டியலில் இரண்டு பேரும் ஒரே வரிசையில் வர மாட்டார்கள்.

மருந்தகமும் அப்படித்தான். பதிவு பெற்ற மருந்தாளுநர் இல்லாமல் மருந்துக்கடை நடத்தக் கூடாது என்பதால், டி.பார்ம். படித்தவருக்குச் சட்டமே ஒரு தேவையை உருவாக்கித் தருகிறது. மருந்துக்கடையில் உதவியாளராக நிற்பவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

அரசு வேலை கனவு இருந்தால் இன்னும் கவனம் தேவை. அரசு மருத்துவமனைகளுக்கு லேப் டெக்னீஷியன், தியேட்டர் அசிஸ்டென்ட் போன்ற பணியாளர்களைத் தேர்வு செய்வது 2012-ல் உருவான மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம். எந்தப் படிப்பு, யார் அங்கீகரித்த நிறுவனம் என்று அதன் அறிவிப்பில் தெளிவாக இருக்கும். 'மருத்துவக் கல்வி இயக்குநரகத்தின் அங்கீகாரம்' என்ற வரி இதில் முக்கியம். தமிழக அரசின் ஊதிய அட்டவணையில் கடைசிப் படியின் தொடக்க அடிப்படைச் சம்பளமே 15,700 ரூபாய். அதற்கு மேல் அகவிலைப்படி வரும். அங்கீகாரம் இல்லாத சான்றிதழ் இருந்தால் இந்தப் பணிகளுக்கு விண்ணப்பமே போட முடியாது.

2021 சட்டம் என்ன சொல்கிறது?

துணை மருத்துவத் தொழில்களை ஒழுங்குபடுத்த, தேசிய துணை மருத்துவ மற்றும் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டம் 2021-ல் நிறைவேறியது. ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு கவுன்சில், ஒரு பதிவேடு இருக்க வேண்டும் என்கிறது இந்தச் சட்டம்.

இதில் மாணவர்கள் கவனிக்க வேண்டிய வரி ஒன்று உண்டு. 'துணை மருத்துவத் தொழிலர்' என்று சொல்ல, குறைந்தது 2,000 மணி நேரம் கொண்ட, இரண்டு முதல் நான்கு ஆண்டு வரையிலான டிப்ளமோ அல்லது பட்டப்படிப்பு வேண்டும். 'சுகாதாரத் தொழிலர்' என்றால் 3,600 மணி நேரம் கொண்ட, மூன்று முதல் ஆறு ஆண்டு வரையிலான பட்டப்படிப்பு.

அதாவது, ஒரு வருஷச் சான்றிதழ் இந்த அளவைத் தொடாது. பதிவேட்டு முறை இறுக இறுக, குறுகிய கோர்ஸ் முடித்தவர்கள் உதவியாளர் நிலையிலேயே நின்றுவிடும் ஆபத்து உண்டு. அரசுக் கல்லூரிகள் நடத்தும் ஓராண்டுச் சான்றிதழுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும்தான். ஆனால் அதில் பெரிய கடன் இல்லை. வட்டிக்கு வாங்கிப் படிப்பவருக்கு அந்த ஆபத்து இரண்டு மடங்கு.

உண்மையான செலவு எவ்வளவு?

விளம்பரத்தில் இருப்பது டியூஷன் ஃபீஸ் மட்டும். அதற்கு மேல் தேர்வுக் கட்டணம், சீருடை, ரெக்கார்டு நோட்டு, மருத்துவமனைப் பயிற்சிக்கான கட்டணம், பஸ், சாப்பாடு, தேவைப்பட்டால் ஹாஸ்டல் எல்லாம் சேரும். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஆனால் திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ புறநகர்ப் பேருந்தில் தினமும் போய் வந்தால் டிக்கெட் காசே மாதத்துக்கு ஒரு தொகை ஆகிவிடும்.

இன்னொரு செலவு கண்ணுக்கே தெரியாது. படிக்கும் காலத்தில் வேலைக்குப் போயிருந்தால் வந்திருக்கக்கூடிய சம்பளம்தான் அது. பெரம்பலூர் மாவட்டத்தில் நாரணமங்கலம் டயர் தொழிற்சாலை, எறையூர் காலணிப் பூங்கா என வேலை வாய்ப்புகள் வந்துவிட்டன. அரியலூரில் சிமெண்ட் ஆலைகள் பல காலமாக இருக்கின்றன. ஜெயங்கொண்டம் சிப்காட்டில் காலணித் தொழிற்சாலைக்கு 2024 நவம்பரில் முதல்வர் அடிக்கல் நாட்டினார். "படிக்காமல் போனால் வேலையே இல்லை" என்ற நிலை முன்பு போல் இல்லை. எனவே அந்தச் சம்பளத்தையும் கணக்கில் வைத்துத்தான் ஆக வேண்டும்.

கடன் எங்கிருந்து வருகிறது?

ஒரே தொகை, வாங்கும் இடத்தைப் பொறுத்து வேறு வேறு சுமையாக மாறும்.

வங்கிக் கல்விக் கடன் என்றால், 4 லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணை கேட்கப்படுவதில்லை. பெற்றோர் இணைக் கடன்தாரராக இருக்க வேண்டும். படிப்புக் காலமும் அதற்குப் பின் ஒரு வருஷமும் தவணை கட்டத் தேவையில்லை. திருப்பிக் கட்ட 15 ஆண்டு வரை அவகாசம் உண்டு. ஆனால் அந்தக் காலத்திலும் வட்டி ஏறிக்கொண்டுதான் இருக்கும்.

மத்திய அரசின் வட்டி மானியம் எல்லோருக்கும் கிடைக்காது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்பதோடு, நிறுவனத்துக்கு நாக் அல்லது படிப்புக்கு என்.பி.ஏ. தரச்சான்று போன்ற நிபந்தனைகளும் இருக்கின்றன. சிறிய பயிற்சி மையங்கள் பெரும்பாலும் இதற்குள் வராது. குறுகிய காலத் திறன் பயிற்சிகளுக்கு 'மாதிரித் திறன் கடன் திட்டம்' தனியாக உண்டு. 2024 ஜூலையில் அதன் உச்சவரம்பு ஒன்றரை லட்சத்தில் இருந்து 7.5 லட்சமாக உயர்ந்தது. இதிலும் பயிற்சி அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. அங்கீகாரம் இல்லாத கோர்ஸுக்கு வங்கி கடன் தராது. அதனால் அந்த மாணவர்கள் குழுக் கடனுக்கோ கைமாற்று வட்டிக்கோதான் போகிறார்கள். சம்பளம் குறைவாக வரக்கூடிய படிப்புக்குத்தான் அதிக வட்டி கட்ட வேண்டிய நிலை. இதைத் திருப்பிப் போட்டால் ஒரு நல்ல சோதனையும் கிடைக்கிறது. "இந்த கோர்ஸுக்குக் கல்விக் கடன் கிடைக்குமா?" என்று முதலில் வங்கியில் கேட்டுவிடலாம். படிப்பைக் காரணம் காட்டி வங்கி மறுத்தால், அதுவே ஓர் எச்சரிக்கை.

குழுக் கடன் பற்றி ஒரு விஷயம். ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பங்களுக்குத் தரும் நுண்கடன்களில், எல்லாக் கடன்களின் மாதத் தவணையும் சேர்ந்து குடும்ப வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது 2022 ஏப்ரல் முதல் ரிசர்வ் வங்கி விதி. இது கடன் தருபவருக்கான எல்லை. "பாதி வரை வாங்கலாம்" என்று குடும்பம் எடுத்துக்கொண்டால் சிக்கல்தான்.

இரண்டு வீட்டுக் கணக்கு

புரிந்துகொள்ள வசதியாக இரண்டு உதாரணங்கள். இவை கணக்குக்காக எடுத்துக்கொண்ட தொகைகள். அவரவர் ஊர் நிலவரத்தைப் போட்டுப் பார்க்கலாம்.

முதல் வீடு: அங்கீகாரம் இல்லாத ஒரு வருஷ கோர்ஸ். ஃபீஸும் இதர செலவும் சேர்த்து 80,000 ரூபாய். மொத்தமும் ரெண்டு வட்டிக்கு, அதாவது நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டிக்கு வாங்கியது. படிக்கும் ஒரு வருஷத்தில் வட்டி மட்டுமே 19,200 ரூபாய். முடித்ததும் 9,000 ரூபாய் சம்பளத்தில் வேலை. மாதம் 3,000 ரூபாய் விடாமல் கட்டினாலும் கடன் தீர 39 மாதம் ஆகும். மொத்தத்தில் கட்டியது சுமார் 1.35 லட்சம். ஒரு வருஷப் படிப்புக்கு மூணு வருஷத்துக்கும் மேல் கடன். சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு அதற்கே போகும்.

இரண்டாவது வீடு: அங்கீகாரம் உள்ள இரண்டு ஆண்டு டிப்ளமோ. வருஷத்துக்கு 60,000 வீதம் 1.2 லட்சம் ரூபாய் 10 சதவீத வட்டியில் வங்கிக் கடன். படிப்பும் அவகாசமும் முடியும்போது வட்டி சேர்ந்து கடன் சுமார் 1.5 லட்சம். ஐந்து ஆண்டில் கட்டினால் மாதம் ஏறக்குறைய 3,190 ரூபாய். பத்து ஆண்டில் கட்டினால் 1,980 ரூபாய். தொடக்கச் சம்பளம் 14,000 என்றால், பத்து ஆண்டுத் தவணை சம்பளத்தில் ஏழில் ஒரு பங்கு.

முதல் வீடு வாங்கிய கடன் குறைவு. ஆனாலும் மூச்சு முட்டுவது அந்த வீட்டுக்குத்தான். மலிவான கோர்ஸ் என்று நினைத்தது, சம்பளத்தோடு ஒப்பிட்டால் விலை கூடிய கோர்ஸாக மாறிவிடுகிறது.

அமெரிக்கா வைத்திருக்கும் அளவுகோல்

இதே பிரச்னை அமெரிக்காவிலும் உண்டு. மெடிக்கல் அசிஸ்டென்ட் சான்றிதழ் படித்துக் கடனில் சிக்கியவர்கள் அங்கும் ஏராளம். அதனால் 2023 அக்டோபரில் அந்நாட்டுக் கல்வித்துறை ஒரு விதியை வெளியிட்டது. அதில் இரண்டு சோதனைகள்.

ஒன்று, படித்தவர்களின் ஆண்டுக் கடன் தவணை அவர்கள் ஆண்டு வருமானத்தில் 8 சதவீதத்தையோ, அடிப்படைச் செலவு போக மிஞ்சும் வருமானத்தில் 20 சதவீதத்தையோ தாண்டக் கூடாது. இரண்டு, அந்தப் படிப்பு முடித்தவர்கள், பள்ளிப் படிப்போடு வேலைக்குப் போனவர்களைவிட அதிகம் சம்பாதிக்க வேண்டும். மூன்று ஆண்டில் இரண்டு முறை தோற்கும் படிப்புக்கு அரசின் உதவி கிடைக்காது என்பது விதி.

இந்த 8 சதவீத அளவை இங்கே வைத்துப் பார்த்தால்? 9,000 ரூபாய் சம்பளத்துக்கு மாதத் தவணை 720 ரூபாய்தான் வரலாம். 14,000 சம்பளத்துக்கு 1,120 ரூபாய். மேலே சொன்ன இரண்டு வீடுகளுமே இந்தச் சோதனையில் தோற்றுவிடும். இரண்டாவது வீடு கொஞ்சம் சமாளிக்கும், அவ்வளவே. 10 சதவீத வட்டியில் பத்து ஆண்டுக்கு மாதம் 1,000 ரூபாய் கட்டினால் அடைபடும் கடன் சுமார் 75,000 ரூபாய் என்பதை மனதில் வைத்துக்கொண்டால் எந்தக் கோர்ஸுக்கும் கணக்குப் போட்டுவிடலாம்.

இரண்டாவது சோதனை இன்னும் எளிது. பிளஸ் 2-வோடு தொழிற்சாலைக்கோ கடைக்கோ போனால் மாதம் 10,000 கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வருஷம் படித்துவிட்டு 9,000 வாங்கினால், அந்தப் படிப்பு பணத்தைத் திருப்பித் தரவே தராது. இரண்டு வருஷம் படித்து 14,000 வாங்கினால், கூடுதலாக வருவது மாதம் 4,000. விட்டுப்போன இரண்டு வருஷச் சம்பளமான 2.4 லட்சத்தை மீட்கவே ஐந்து ஆண்டு ஆகும். கடன் அதற்கு மேல். ஆனால் அங்கீகாரம் இருந்தால் அனுபவம் ஏற ஏறச் சம்பளமும் ஏற வழி உண்டு, அரசுத் தேர்வும் எழுதலாம்.

இங்கே இப்படி ஒரு கணக்கைக் கல்லூரிகள் வெளியிட வேண்டிய கட்டாயம் இல்லை. அதனால் போஸ்டரில் இருக்கும் சம்பளத்தை யாரும் சரிபார்ப்பதும் இல்லை. கணக்குப் போடும் பொறுப்பு முழுக்கக் குடும்பத்தின் தலையில்தான்.

பக்கத்திலேயே இருக்கும் வழிகள் என்ன?

அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்டது. அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 கல்லூரிகளில் இதுவும் ஒன்று. பெரம்பலூரில் தனியார் மருத்துவக் கல்லூரி உண்டு; அரசு மருத்துவக் கல்லூரி இல்லாத மாவட்டங்களில் அது இன்னும் இருக்கிறது. அந்த மாவட்ட மாணவர்களுக்கு அரியலூரும் திருச்சியும்தான் பக்கம்.

அரசு மருத்துவக் கல்லூரிகளில் எம்.பி.பி.எஸ். மட்டும் நடப்பதில்லை. டயாலிசிஸ், இ.சி.ஜி., மயக்கவியல், அறுவை அரங்கு, அவசர சிகிச்சை போன்ற பிரிவுகளில் ஓராண்டுச் சான்றிதழ் படிப்புகளும், டி.எம்.எல்.டி. போன்ற இரண்டு ஆண்டு டிப்ளமோக்களும் நடக்கின்றன. எந்தக் கல்லூரியில் எந்தப் படிப்பு, எத்தனை இடம் என்பது மாறும். டீன் அலுவலகத்தில் நேரில் கேட்பதே நல்லது. தனியாரைவிடக் கட்டணம் மிகக் குறைவு. படிக்கும் இடமே பெரிய மருத்துவமனை என்பதால் கைப்பழக்கமும் கிடைக்கும்.

நோயாளிகளைக் கவனிக்கும் உதவியாளர் வேலைதான் வேண்டும் என்றால், காசு கொடுத்துப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை. பிரதமரின் கௌசல் விகாஸ் திட்டம், ஊரக இளைஞர்களுக்கான தீன் தயாள் உபாத்யாய திட்டம், தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம் ஆகியவை மூலம் மருத்துவத்துறை சார்ந்த திறன் பயிற்சிகள் இலவசமாக நடத்தப்படுகின்றன. பட்டியல் சாதி, பழங்குடி இளைஞர்களுக்குத் தாட்கோ வழியாகவும் பயிற்சிகள் உண்டு.

உதவித்தொகைகளையும் விட்டுவிடக் கூடாது. 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். இரண்டு வருஷ டிப்ளமோவுக்கு இது 24,000 ரூபாய் வரை வரும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் உள்ள பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே நிபந்தனை: படிப்பும் நிறுவனமும் அங்கீகாரம் பெற்றவையாக இருக்க வேண்டும். அங்கீகாரம் இல்லாத இடத்தில் சேர்ந்தால் ஃபீஸ் மட்டும் போவதில்லை, கிடைக்க வேண்டிய உதவியும் போய்விடும்.

ஃபீஸ் கட்டும் முன் கேட்க வேண்டியவை

* இந்தச் சான்றிதழை அங்கீகரித்தது யார்? அந்த ஆணையின் நகலைக் காட்ட முடியுமா?

* இதை வைத்து எந்த கவுன்சிலில் பதிவு செய்யலாம்? எந்த அரசு வேலைக்கு விண்ணப்பிக்கலாம்?

* பயிற்சி எந்த மருத்துவமனையில், எத்தனை மணி நேரம்?

* போன வருஷம் முடித்தவர்களில் நாலு பேரிடம் பேச முடியுமா? கையில் வாங்கும் சம்பளம் எவ்வளவு?

* 'பிளேஸ்மென்ட்' என்றால் எந்த ஊரில்? சென்னையில் 14,000 ரூபாய் வாங்கி 6,000 ரூபாயை ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் கொடுப்பதைவிட, அரியலூரில் வீட்டில் இருந்து 10,000 ரூபாய் வாங்குவது மேல்.

* பாதியில் நின்றால் ஃபீஸ் திரும்பக் கிடைக்குமா? இதை எழுத்தில் தருவார்களா?

* ஒரிஜினல் மார்க் ஷீட்டைக் கேட்கிறார்களா? சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். அது அவர்களிடம் தங்கிவிட்டால், பிடிக்காவிட்டாலும் வெளியே வர முடியாது.

வேலைக்குச் சேர்ந்த பிறகும் ஒரு விஷயம் நினைவில் இருக்கட்டும். மருத்துவமனைகளும் நர்சிங் ஹோம்களும் தமிழ்நாட்டில் குறைந்தபட்ச ஊதியம் பொருந்தும் தொழில்கள். "டிரெயினிங்ல இருக்கீங்க" என்று சொல்லி வருஷக்கணக்கில் அதற்குக் கீழே கொடுத்தால், மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் புகார் செய்யலாம்.

கடைசியில் எது?

மருத்துவத்துறை வேலை நல்ல வேலைதான். ஆளும் தேவைப்படுகிறது. பிரச்னை வேலையில் இல்லை, அதற்குப் போகும் வழியில் இருக்கிறது. அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் அது முதல் தேர்வு. இல்லாவிட்டால், வங்கிக் கடன் கிடைக்கும் அளவுக்கு அங்கீகாரம் உள்ள இரண்டு ஆண்டு டிப்ளமோ. அதுவும் முடியாவிட்டால் இலவசத் திறன் பயிற்சியில் சேர்ந்து, வேலை பார்த்தபடி அடுத்த வருஷம் மறுபடி விண்ணப்பிக்கலாம். ஒரு வருஷம் காத்திருப்பதால் ஒன்றும் குறைந்துவிடாது. வட்டிக்கு வாங்கி, பதிவு செய்ய முடியாத சான்றிதழை வாங்குவதுதான் கடைசியாகக்கூட யோசிக்கக் கூடாத வழி.

அம்மாவின் தாலிச் சங்கிலி அடகுக் கடைக்குப் போகும் முன், ஒரு வெள்ளைத்தாளில் இரண்டு எண்களை எழுதிப் பார்த்தால் போதும். முதல் மாதச் சம்பளம் எவ்வளவு? முதல் மாதத் தவணை எவ்வளவு? இரண்டாவது எண் முதல் எண்ணில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால், அந்தப் போஸ்டரை அப்படியே விட்டுவிட்டு அடுத்த கல்லூரியின் கதவைத் தட்டலாம்.